தேன் ஓட்ஸ் பிரெட், டென்வர்

மார்ச் 3

பிரெட் மெஷினில் போட்டது மறுபடியும் நடு அமுங்கிவிட்டது. ஓரமெல்லாம் நல்ல உயரம், நடுவில் பள்ளம். இந்த ஊர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறதாம், மாப்பிள்ளை சொல்கிறார். காற்றழுத்தம் குறைவு, அதனால் மாவு அவசரமாக உப்பி, வேகுமுன் தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறதாம். பருப்பு வேகாததற்கும் அதுதான் காரணமாம். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நான் இத்தனை நாளும் குக்கர் கேஸ்கட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5

மகளுக்கு மாசம் நிறைந்தும் குழந்தையின் தலை இன்னும் இறங்கவில்லை. சம்பந்தியம்மா போனில், "இன்னும் ஒண்ணும் இல்லையா?" இருந்தால் சொல்ல மாட்டோமா!

மார்ச் 6

ஈஸ்ட் இரண்டு டீஸ்பூனை ஒன்றரையாக்கினேன். முதலில் ஒன்றேகால் கப் தண்ணீர், வெண்ணெய், தேன், உப்பு. மேலே மூன்று கப் பிரெட் மாவு, ஒரு கப் ஓட்ஸ். உச்சியில் சின்னக் குழி பறித்து ஈஸ்ட். ஈரமும் உப்பும் முன்கூட்டியே அதைத் தொடக் கூடாது.

பத்து நிமிடம் சுற்றியதும் மூடியைத் திறந்தேன். "திறக்காதேம்மா" என்கிறாள் இவள். பிசையும்போது தாராளமாகத் திறக்கலாம், உப்பும்போதும் வேகும்போதும்தான் கூடாது. உள்ளே ஒரே கொழகொழ. இன்னும் கொஞ்சம் மாவு போடச் சொல்லிக் கை துறுதுறுத்தது. ஆனால் ஓட்ஸ் மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். சற்று நேரத்தில் ஓரத்தை விட்டுப் பிரிந்து ஒரே உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தது. சப்பாத்தி மாவைவிட இளக்கம், விரலில் ஒட்டியும் ஒட்டாமலும். சரி, இதுதான்.

மார்ச் 8

பிறந்ததும் குழந்தை நாக்கில் இனிப்புத் தொட்டு வைப்போமே, அந்தச் சேனை வைக்கக் கூடாதாம். ஒரு வயது வரை தேன் நாக்கில் படவே கூடாது என்று நர்ஸ் சொல்லியனுப்பியிருக்கிறாள். தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சாகிவிடும், பொட்டுலிசம் என்று பெயர். பெரியவர்கள் குடல் சமாளித்துக்கொள்ளுமாம்.

எனக்குத் தாய்மாமா வைத்தது தேன்தான். இவளுக்கு என் மாமியார் வைத்தார். வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். வந்திருக்கிறது, அதை இங்கே எழுதலாம், வாயால் சொல்ல முடியாது. சர்க்கரைத் தண்ணீராவது? "ஆறு மாசம் பால் மட்டும்தாம்மா." அடுப்பில் வெந்த தேன்? அந்த வித்து பிரெட் வேகும் சூட்டிலும் சாகாதாம். பேச்சை விட்டுவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மலைத்தேன் பாட்டில் பெட்டியில் அப்படியே இருக்கிறது. யாருக்காகச் சுமந்து வந்தேன்.

மார்ச் 9

கோடை நேரமாம், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிட்டார்கள். தூக்கம் எப்படியும் இல்லை.

மார்ச் 12

பனி. மார்ச்சில்தான் இங்கே அதிகம் கொட்டுமாம். இதில் ராத்திரி வலி வந்தால்?

பிரெட் எழும்பிவிட்டது! மேடு அப்படியே நின்றது. தேன் சீக்கிரம் கருக்கும் என்று 'லைட்' நிறத்தில் வைத்தேன், அதுவும் நல்லதாயிற்று. பிசையும் துடுப்பு மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது, பிடுங்கிய இடத்தில் பெரிய ஓட்டை.

சாப்பிடும்போது மாப்பிள்ளை படித்துக் காட்டினார். பானாசோனிக்காரர்கள் முதலில் இந்த மெஷின் செய்தபோது மாவு சரியாகவே பிசையவில்லையாம். இக்குகோ டனாகா என்ற பெண் ஒசாகாவில் ஒரு ஓட்டல் பேக்கரிடம் போய்ப் பழகி, அவர் மாவை முறுக்கி இழுப்பதைக் கவனித்து வந்து சொன்னாராம். 1987இல் விற்பனைக்கு வந்தது. அந்தப் பெண்ணாவது கூடவே நின்று பார்த்தார். இவள் என் பத்தியக் குழம்பைப் போனில் படம் பிடித்துவிட்டு, "அப்புறம் பாத்துக்கறேம்மா" என்று போய்விட்டாள்.

மார்ச் 14

சொன்ன தேதி தாண்டிவிட்டது.

மார்ச் 16

வெள்ளிக்கிழமை வரை பார்ப்பார்களாம், அப்புறம் மருந்து கொடுத்து வலி வரவைப்பார்களாம். சம்பந்தியம்மாவிடம் சொல்லவில்லை. சேனை பற்றியும் சொல்லவில்லை. யார் வைப்பது என்று கேட்கத்தான் போகிறார்.

மார்ச் 18, விடிகாலை

பனிக்குடம் உடைந்துவிட்டது. மாப்பிள்ளை காரில் பனி தட்டுகிறார். டைமர் போட்டிருந்தேன், பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், மாவு கிடக்கட்டும். பை, ஃபைல், சார்ஜர். ஊரில் இப்போது மதியம் மூன்றரை, இவள் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், போனை எடுக்க மாட்டார். ஹார்ன் அடிக்கிறார்