வேலை கெடச்சப்புறம் ஷோமாஜ (வேலை இல்லாதப்ப வர்ற உதவிக் காச) மூடறதுக்குள்ள நான் பட்ட பாடு

589 யூரோ திருப்பிக் கட்டணும்னு மே மாசம் என் பிரான்ஸ் த்ரவாய் (அந்தக் காசத் தர்ற வேலைவாய்ப்பு ஆபீஸ்) கணக்குல லெட்டர் வந்து நின்னப்ப கை காலெல்லாம் வெடவெடன்னு ஆயிடுச்சு. நான் எதையும் மறைக்கல, எல்லாத்தையும் சொன்ன நாள்ல சொன்னேன், அப்படியும் த்ரோ பெர்சுன்னு (சேர வேண்டியதுக்கு மேல வாங்கின காசுன்னு) வந்துடுச்சு. பிரான்சோட ரெயூனியன் தீவுல இருக்கற நம்ம ஆளுங்க யாராவது ஷோமாஜ்ல இருந்து வேலைக்குப் போறீங்கன்னா இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்க.

2025 பிப்ரவரி 24ஆம் தேதி கோந்த்ரா (வேலை ஒப்பந்தம்) கையெழுத்துப் போட்டேன், மார்ச் 10 திங்கக்கிழமை வேலைக்கு வரணும்னு அதுல இருந்துச்சு. நடுவுல 28ஆம் தேதி கரான்ஸ் புயல் அடிச்சுது. சேந்த் அந்த்ரேல எங்க வீட்டுக் கூரைத் தகடு ஒண்ணு பேத்துக்கிட்டுப் போயி பீரோ மேல வச்சிருந்த ஃபைல் முழுக்க தண்ணி, கரண்ட் இல்ல, குழாயில தண்ணி இல்ல, நெட்டும் இல்ல. பிப்ரவரி மாசத்துக்கான ஆக்துவலிசாசியோன், அதாவது அந்த மாசம் வேலை பாத்தியா இல்லையான்னு நெட்ல பதியறது, மார்ச் 15க்குள்ள போடணும், அது ஒண்ணுதான் மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு.

பக்கத்து வீட்டு காரைக்கால் அக்கா, "ஏன்டி அதுக்கு அலையுற, வேலைதான் கெடச்சாச்சே, போடாம விடு, தானா மூடிக்கும்"னாங்க. பாசத்துல சொன்னாங்க, ஆனா தயவுசெஞ்சு அப்படி மட்டும் விட்டுடாதீங்க. லிஸ்ட்லருந்து பேர எடுத்துடுவாங்கதான், அதோட போன மாசத்துக் காசும் வராது. மார்ச்சுல போடறது பிப்ரவரி கணக்கு, பிப்ரவரில நான் வேலை பாக்கல, அப்ப அந்தக் காசு எனக்குச் சேர வேண்டியது. நெட் வந்ததும் முதல் வேலையா அதப் போட்டேன். 10ஆம் தேதி வேலைக்குச் சேந்த ராத்திரியே சித்துவாசியோன் (என் நிலைமை) மாறிடுச்சுன்னு தனியா பதிஞ்சேன், அதுக்கு 72 மணி நேரம்தான் டைம். அப்புறம் மார்ச் மாசத்துக்கும் ஒரு தடவ போடணும், நெறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. வேலை பாத்தேன்னு சொல்லி மணிக்கணக்கு, சம்பளம் போட்டு, கடைசில இன்னும் வேலை தேடுறியான்னு கேக்கறப்ப இல்லன்னு குடுக்கணும். சம்பளம் புரூட்ல (பிடித்தம் போறதுக்கு முந்தின தொகை) போடுங்க, பேங்க்ல விழுற நெட் தொகைய போட்டா அப்புறம் அதுக்கு வேற விளக்கம் சொல்லணும்.

சித்திரை வருசப் பிறப்புக்கு முந்தின வாரம் மொத ஃபிஷ் த பே (சம்பளச் சீட்டு) வந்துச்சு, சந்தோசத்துல கீழ சம்பளத்த மட்டும் பாத்துட்டு பிரான்ஸ் த்ரவாய் கணக்குல ஏத்தி விட்டுட்டேன். நான் பண்ணின ஒரே தப்பு அதுதான். என் பேருக்குக் கீழ பொடி எழுத்துல சேந்த தேதின்னு 10/02/2025 போட்டிருந்துச்சு, மூணுக்குப் பதிலா ரெண்டு. சம்பளம் சரி, மணி சரி, அந்த ஒரு எண்ணு மட்டும் தப்பு. முதலாளிங்க மாசாமாசம் டே எஸ் என்னு (ஆளுங்க சம்பளம், சேந்த தேதியெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கிற அறிக்கை) ஒண்ணு அனுப்புவாங்க, அதுலயும் அதே தேதி போயிருக்கு. பிப்ரவரி 10லருந்து 28 வரைக்கும் 19 நாள், நாளுக்கு 31 யூரோ, நான் வேலை பாத்துக்கிட்டே வாங்கிட்டேன்னு கணக்கு.

சரி கோந்த்ராவக் காட்டலாம்னு எடுத்தா அந்தப் பக்கம் ஊறி உப்பிப் போயி, தேதி இருந்த எடத்துல நீல மை பரவி ஒரு வட்டமா நிக்குது. என் கையெழுத்து கூட தெரியுது, தேதி மட்டும் தெரியல. அழுகையே வந்துடுச்சு.

ஒரு நாள் மத்தியானம் லீவு சொல்லிட்டு பிரான்ஸ் த்ரவாய் ஏஜென்சிக்குப் போனேன், மத்தியானம் ராந்தேவூ (முன்கூட்டியே வாங்கின நேரம்) இருந்தாதான் உள்ள விடுவாங்கன்னு வாசல்லயே ஒட்டியிருக்கு, அரை நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். காலையிலயே போங்க, இல்ல 3949க்கு போன் பண்ணி ராந்தேவூ வாங்கிட்டுப் போங்க.

நான் வேலை பாக்குற எடத்துல கணக்கு பாக்கறவங்ககிட்ட சொன்னா, "சின்ன டைப்பிங் தப்புதானே மேடம், அடுத்த மாச ஃபிஷ்ல சரியா வரும்"னு சொல்லிட்டாங்க. அடுத்த மாச ஃபிஷ்ல சரியாத்தான் வந்துச்சு, ஆனா அனுப்பின டே எஸ் என்ன யாரும் தொடல, எனக்கு மறுபடி ஒரு லெட்டர். அவங்களுக்கு சின்ன தப்பு, எனக்கு ரெண்டு வாரச் சாப்பாட்டுக் காசு. மூணாவது தடவ போயி நாற்காலிய விட்டு எழுந்திருக்காம உக்காந்துட்டேன், டே எஸ் என்ன திருத்தி அனுப்புங்க, அனுப்பினேன்னு சீல் வச்சு ஒரு கடுதாசி குடுங்க, டே பே ஆ ஓ காப்பியும் வேணும்னு கேட்டேன். இந்தக் கடைசிக் காகிதத்தோட பேர மறக்காதீங்க, ஆளச் சேக்கறதுக்கு முன்னாடி முதலாளி கட்டாயம் பதியணும், அதுல எந்தத் தேதியில வேலை ஆரம்பம்னு இருக்கும். என்னோடதுல 10 மார்ச்னு பளிச்சுனு இருந்துச்சு. அத பாத்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

இந்தக் காகிதங்கள ஸ்கேன் பண்ணி, இந்தக் கடன ஏத்துக்க மாட்டேன்னு எழுதி அனுப்பினேன். லெட்டர் வந்து ரெண்டு மாசத்துக்குள்ள மறுத்து எழுதணும், விட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நெசமாவே கூட வாங்கியிருந்தீங்கன்னா பயப்படாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா கட்டறேன்னு கேக்கலாம். பயந்துக்கிட்டு மொத்தமா கட்டிடாதீங்க, எங்க வீட்டுக்காரரு கட்டித் தொலச்சிடலாம்னுதான் சொன்னாரு, நான் விடல.

காஃபுக்கு (குடும்ப உதவித்தொகை ஆபீஸ்) தனியா சொல்லணும், இங்க சொன்னா அங்க போயிடும்னு நெனச்சு உக்காந்திருக்காதீங்க, வீட்டு வாடகை உதவி மாறும், சம்பளம் கம்மியா இருந்தா ப்ரீம் த'ஆக்திவிதேங்கற உதவி கெடைக்குமான்னும் அப்பவே பாத்துடுங்க. மிச்சம் இருந்த ஷோமாஜ் நாளு அழிஞ்சு போகல, கணக்குல அப்படியே இருக்கு.

ஜூன் கடைசில ஒரு நாள் வேலை முடிஞ்சு சேந்த் தெனில கார் ஜோன் பஸ் ஏறி உக்காந்து போனத் திறந்தா மெசேஜ் வந்திருக்கு, கடன் ரத்து, பாக்கி 0 யூரோ. சேந்த் சூசான் தாண்டற வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப படிச்சேன். வீட்டுக்கு வந்து அந்த ஊறின கோந்த்ராவுக்குப் பதிலா வாங்கின புதுக் காப்பிய பிளாஸ்டிக் கவர்ல போட்டு சாமி மாடத்துக்குக் கீழ இருக்கற டப்பால வச்சிட்டேன்.