வேடன், வேங்கை, கிழவன்

இசை நாடகம் என்றால் எங்கள் ஊர்ச் சனத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது நடிகமணி வைரமுத்து நடித்த, அரிச்சந்திரன் கதையான மயான காண்டம்தான். அழுவதற்கென்றே பாய் கொண்டுபோய் விரித்து இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் தமிழ் மாஸ்டர் கல்லூரி மேடைக்கு எடுத்தது ‘வள்ளி திருமணம்’. எனக்குத் தோழி வேடம். வள்ளி தினை காக்கும் பரணுக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாக் காட்சியையும் பார்க்கக் கிடைத்தது.

கந்தபுராணத்தின் கடைசிப் படலக் கதை. மேடைக்கு அதைப் பாட்டும் தர்க்கமுமாக ஆக்கித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தொடக்கம் முதலே பொய்தான். தினைப்புனத்துக்கு வரும் முருகன் வேடனாக வந்து, ஓடிவராத மானைத் தேடுகிறான். வள்ளியின் தகப்பன் வந்தால் வேங்கை மரமாகிறான். பிறகு கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்டு, விக்கலெடுத்துத் தண்ணீரும் கேட்கிறான். (எங்களுக்குத் தினைமா கிடைக்கவில்லை. அரிசிமாவில் சர்க்கரையும் தேனும் விட்டுப் பிசைந்து வைத்தோம்.)

வேடனாக நடித்த அண்ணா ஒத்திகையில் ஒவ்வொரு பொய்க்கும் சபையைப் பார்த்துச் சிரிப்பார். மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சனத்துக்கு நீ ஆரெண்டு தெரியும். வள்ளிக்குத்தான் தெரியாது. நீ சனத்தோடை சேர்ந்து சிரிச்சால் அவளை ஏமாளியாக்கிப் போடுவாய். அவள் ஏமாளி இல்லை.”

அந்த வார்த்தைக்குப் பிறகு நாடகமே மாறிப்போயிற்று. வள்ளி முருகனையே எண்ணியிருப்பவள். அதனால்தான் வேடனை விரட்டுகிறாள்; முருகனுக்காக முருகனையே விரட்டுகிறாள். சபை சிரிப்பது அதற்குத்தான். அந்தச் சிரிப்பில் அவள் மேல் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. வேலும் மயிலுமாக அவன் வந்து நின்றிருந்தால் அவள் கும்பிட்டிருப்பாள், அவ்வளவுதான். பொய் வேடம் போட்டதால் கடவுளுக்குத் தன் பெருமையைக் காட்ட வழியில்லை. ஒரு குறப்பெண் கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் மனதில் இருப்பதை அவன் தன் காதாலேயே கேட்கக் கிடைக்கிறது. காதல் நாடகத்தில் ஆள்மாறாட்டம் இவ்வளவு வேலை செய்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் யானைக் காட்சியை என்னால் இன்றைக்கும் அப்படி ஏற்க முடியவில்லை. பேச்சில் வெல்ல முடியாமல் அண்ணன் விநாயகரை யானையாக வரவழைத்து, பயந்து ஓடுகிறவள் கிழவனைக் கட்டிப்பிடிக்கும்படி செய்வது வேறு வகைப் பொய். மாஸ்டரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். உண்மை உரு தெரிந்த பிறகு, “என்னை ஏன் பயமுறுத்தினீர்?” என்று வள்ளி கேட்க ஒரு வரி சேர்த்தார். முருகன் தலை குனிந்து, அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டே கையைப் பிடித்தான். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எங்களுக்குப் பிடித்திருந்தது.

இங்கே நம் சங்கக் கலைவிழாக்களில் இந்த நாடகத்தைப் போடும்போது, நேரம் போதாதென்று முதலில் வெட்டுவது தர்க்கக் காட்சியைத்தான். பாட்டு, ஆட்டம், யானை எல்லாம் இருக்கும். வள்ளி பேச மாட்டாள். அடுத்த முறை பொறுப்பெடுக்கும் தம்பி தங்கைகளே, யானையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேடனும் வள்ளியும் வாதாட அரை மணித்தியாலமாவது விடுங்கள்.