ஐஸில் வைத்த குழாய்

"அக்கா, ஐஸ் எல்லாம் தண்ணியாப் போச்சு" என்று தம்பி வந்து சொன்னபோது மத்தியானம் ஒன்றரை மணி. நான் உடனே எழும்பவில்லை, அதுதான் பிழை.

திருகோணமலையில் எங்களுடையது சின்ன ஆய்வுகூடம். ஐஸ் மெஷின் இல்லை, காலையில் மீன் சந்தைப் பக்கம் போய் படகுக்காரர் வாங்குகிற உடைத்த ஐஸை ரிஜிஃபோம் பெட்டியில் போட்டு ஓட்டோவில் கொண்டுவருவோம். நுணுக்குக்காட்டியும் சளியில் காசநோய்க் கிருமி தேட வாங்கியதுதான். நீல ஒளி பாய்ச்சினால் பச்சை தெரியும், எங்களுக்கு அது போதும்.

நோயெதிர்ப்புக் கலம் ஒரு புரதத்தை விழுங்கி உள்ளே வெட்டுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. முட்டை வெள்ளைக்கருவின் ஓவல்புமினில் ஒளிரும் சாயத்தை நெருக்கி ஒட்டி விற்கிறார்கள், டிகியூ ஓவல்புமின் என்று பெயர். அந்த நெருக்கத்தில் ஒரு சாயத்தின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும், கலத்தின் நொதியங்கள் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டினால்தான் பச்சை எரியும். ஒரே கலங்களை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை 37 பாகையிலும் மற்றதை ஐஸிலும் வைப்போம். குளிரில் புரதம் கலத்தின் மேலே ஒட்டும், உள்ளே போகாது. ஐஸ் குழாய் இருட்டாக இருந்தால்தான் மற்றதின் பச்சையை நம்பலாம்.

அன்று இரண்டும் பச்சை. பெட்டித் தண்ணீரில் வெப்பமானி 24 காட்டியது. இரத்தத்திலிருந்து மொனோசைட் என்ற வெள்ளைக் கலங்களைப் பிரித்து, அவற்றை மாற்றி வளர்க்கும் ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-4 என்ற புரதங்களைப் போட்டு, ஆறு நாள் பார்த்துப் பார்த்து வளர்த்த டென்ட்ரிடிக் கலங்கள், நான் சொன்ன நோயெதிர்ப்புக் கலங்கள் இவைதான். 37 பாகைக் குழாயில் கலத்துக்குள் கடுகு தூவியதுபோலப் பச்சைப் புள்ளிகள், அவ்வளவு அழகு. அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது உண்மை. எடுக்கவில்லை.

அடுத்த முறை குளோரோகுயின் போட்ட மூன்றாவது குழாயும் சேர்த்தோம். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது மலேரியாக் குளிசை. அது கலத்தின் அமிலப் பைகளில் அமிலத்தைக் குறைக்கும், அமிலம் குறைந்தால் அங்குள்ள நொதியங்கள் சோர்ந்துபோகும். சீக்லர், உனானுவே என்ற ஆய்வாளர்கள் 1982இல் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் கலத்தில் இதைப் போட்டுத்தான், அன்டிஜன், அதாவது நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள், முதலில் உள்ளே பக்குவப்பட்டால்தான் டி கலம் என்ற இன்னொரு நோயெதிர்ப்புக் கலம் அதை அடையாளம் காணும் என்று காட்டினார்கள். எங்கள் பச்சை வெட்டியதை மட்டும்தான் சொல்லும். வெட்டிய துண்டு வெளியே வந்து நின்றதா என்று டி கலத்தைத்தான் கேட்க வேண்டும், அந்த வசதி இன்னும் இங்கே இல்லை.

சரி, இப்போது இரண்டு பெட்டி ஐஸ் கொண்டுவருகிறோம், ஒன்றைத் திறக்காமல் வைக்கிறோம். தம்பி கால் மணிக்கொருதரம் வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறான்.