தீர்ப்புக்கு முன்பே தளர்ந்த உடல்

விசாரணைக் கைதியாகச் சிறைக்குள் செல்லும் முதியவரின் உடல் எவ்வளவு விரைவில் ஒடுங்கிவிடும் என்று எண்ணும்போதெல்லாம், திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய அருட்தந்தை ஸ்டேன் சுவாமியே என் நினைவுக்கு வருகிறார்.

2020 அக்டோபர் 8 அன்று ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கைகள் நடுங்கியதால் குவளையைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க இயலாமல், உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனு செய்து, அதற்கும் வாரக்கணக்கில் காத்திருந்தார். ஒரு உறிஞ்சுகுழலுக்காக ஒரு முதியவர் மனு எழுத வேண்டியிருந்தது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

2021 மே மாதம், காணொலி வழியாக மும்பை உயர் நீதிமன்றத்தில் பேசியபோது, தலோஜா சிறைக்கு வந்த நாளில் தானாகவே நடக்கவும், குளிக்கவும், சிறிது எழுதவும் முடிந்ததாகவும், அந்தத் திறன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, இப்போது யாரேனும் ஊட்டிவிட்டால்தான் உண்ண முடிகிறது என்றும் அவர் கூறினார். மருத்துவமனை வேண்டாம், ராஞ்சிக்குத் திரும்பித் தன் மக்களோடு இருக்கவே விரும்புவதாகவும் சொன்னார். மருத்துவக் காரணங்களுக்காக அவர் முன்பே கேட்ட ஜாமீனைச் சிறப்பு நீதிமன்றம் மறுத்திருந்தது.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, ஜூலை 5 அன்று, மும்பை மருத்துவமனை ஒன்றில் அவர் இறந்தார். வழக்கின் சாட்சி விசாரணை அப்போது தொடங்கியிருக்கவே இல்லை.