கவிஞர் கடைசியாக இருந்த ஊர்

எங்கள் வீட்டுக்குக் கடல் தாண்டுவது புதிதில்லை. ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ணப் போனவர், வளவு என்று நாங்கள் சொல்லும் உள்முற்றத்தின் தூண்கள் எல்லாம் பர்மா தேக்கு. ஆனால் பெண்பிள்ளை ஒருத்தி கிளம்பியது என்னோடுதான் ஆரம்பம். 2009 டிசம்பரில் சிகாகோ வந்தேன், பெட்டியில் அப்பத்தா கட்டிக்கொடுத்த சீப்புச் சீடையும், கவிஞர் பாட்டுகள் அடங்கிய சிடி ஒன்றும்.

காரைக்குடிப் பக்கம் கவிஞர் என்றால் கண்ணதாசன்தான், பெயர் சொல்ல வேண்டியதில்லை. 1927-இல் முத்தையாவாக அவர் பிறந்த சிறுகூடல்பட்டி எங்களுக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம். அப்பத்தா வளவுத் தூணில் சாய்ந்து, மடியில் முறத்தை வைத்து வத்தல் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே இலங்கை வானொலி கேட்பார். பாட்டு முடிந்ததும் கை நிற்கும். "எழுதினது யாரு?" என்பார். கவிஞர் என்று நான் சரியாகச் சொன்னால்தான் அடுத்த மிளகாய்.

முதல் குளிர்காலம் கஷ்டமாகத்தான் இருந்தது. நாலரை மணிக்கே இருட்டிவிடும், வீட்டில் ஹீட்டர் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. 'மயக்கமா கலக்கமா'வைத் திரும்பத் திரும்பப் போடுவேன். வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்த வாலியைச் சென்னையிலேயே தங்க வைத்த பாட்டு அது, அவரே சொல்லியிருக்கிறார். எட்டாவதோடு படிப்பை விட்ட கவிஞர், மெட்டைக் கேட்டு வாயால் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்ள, இப்படி வரிகள் வந்து விழுந்தன என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

குளிர்காலத்தில் இங்கே மாலை ஐந்து என்றால் ஊரில் விடிகாலை நாலரை. அப்பத்தா கோலம் போட எழுந்திருக்கும் நேரம், அதனால் தினமும் அப்போது கூப்பிடுவேன். ஒருநாள், "ஆத்தா, கவிஞர் கடைசியா அங்கனதானே இருந்தாக?" என்றார். அமெரிக்காவில் காலமானார் என்று தெரியும், ஆனால் நான் வந்து உட்கார்ந்திருக்கும் இந்த ஊர்தான் என்பது அதுவரை மனதில் படவே இல்லை. 1981-இல் தமிழ்ச் சங்க விழாவுக்காக இங்கே வந்தவர் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அக்டோபர் 17 அன்று போய்விட்டார். 54 வயதுதான். "ஒரு விளக்கு ஏத்தி வையி" என்றார் அப்பத்தா.

அடுத்த அக்டோபரில் ஏற்றினேன். அதற்குள் மளிகைக் கடையில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். முதல் நாளே "நீங்கள் காரைக்குடியே? கண்ணதாசன்ரை ஊர் அங்கையெல்லோ!" என்று கையைப் பிடித்துக்கொண்டவர். அவரும் சின்ன வயதில் அதே வானொலியைக் கேட்டு வளர்ந்தவர். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உறவு அவர்தான், அதுவும் கவிஞரால்.

அன்றைக்கு அவரையும் மதுரைக் குடும்பம் ஒன்றையும் கூப்பிட்டிருந்தேன். ஜன்னல் ஓரம் சின்னக் குத்துவிளக்கு, தட்டில் வெள்ளைப் பணியாரம். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பத்தாவையும் சேர்த்துக்கொண்டோம். அக்கா 'கண்ணே கலைமானே' பாடினார். கவிஞர் கடைசியாக எழுதிய சினிமாப் பாட்டு, படம் வந்தது 1982-இல், அதைப் பார்க்க அவர் இல்லை. பாடி முடித்ததும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எழுதினது யாரு?" என்றார் அப்பத்தா.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார்.

"சரி, பால் வந்துருச்சு, வச்சிர்றேன்."