ஒரே கல்லீரல், இரண்டு ஆபரேஷன்

தெரிந்தவர் வட்டத்தில் யாருக்காவது கல்லீரலில் கட்டி என்றால் உடனே என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டு விதமாகவும் கல்லீரல் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்பதுதான் காரணம். முதல் தடவை வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, உள்ளே கேமரா விட்டு (லேப்ராஸ்கோபி என்பார்கள்), பதினாறு மாதம் கழித்து வயிற்றைத் திறந்து. போனில் வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், "எதுங்க பெட்டர்?" ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், சரிப்படவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய். அதை எடுத்தாகிவிட்டது, நிம்மதி என்று இருந்தபோது ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு புள்ளி தெரிந்தது. குடலிலிருந்து கிளம்புகிற ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது, அதனால் அங்கே போய் ஒட்டிக்கொள்வது சகஜமாம். கீமோ முடித்து, கல்லீரல் தேறுவதற்கு ஐந்து வாரம் இடைவெளி விட்டு, அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்க்கப் போனோம். அக்காவும் கூட வந்தாள், ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு.

முதலில் பார்த்தவர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்தார், விலா எலும்புக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார், அவ்வளவுதான். "துளை போட்டுச் செய்ய முடியாதுங்களா?" என்று அக்கா கேட்டதற்கு, "கல்லீரலுக்கெல்லாம் அது சரிப்படாதும்மா, புற்றுநோய் பரவிடும்" என்றார். நாங்கள் நம்பிவிட்டோம். பயந்துபோய் இருக்கிறவனிடம் உறுதியான குரலில் எதைச் சொன்னாலும் நம்புவான். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த பிறகு அக்காதான், "இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுருவோம்டா" என்றாள்.

இரண்டாவது டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கல்லீரலை வரைந்து எட்டாகப் பிரித்தார். கூய்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 1957இல் போட்டுக் கொடுத்த கணக்காம் அது. ரத்தக் குழாய் எப்படிக் கிளை பிரிகிறதோ அதன்படி எட்டுப் பகுதி. என் புள்ளிகள் மூன்றிலும் ஆறிலும், இரண்டுமே கீழ் விளிம்புப் பக்கம். "வாசல் ஓரத்துல உக்காந்திருக்கு, எட்டி எடுத்துரலாம். இதுவே ஏழு, எட்டுன்னா மேல விலாவுக்கு உள்ள, உதரவிதானத்துக்கு அடியில போயிடும். அங்க வேற கதை" என்றார். கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதிலேயே நாங்கள் அதுவரை மூழ்கிக் கிடந்தோம், அது எங்கே இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பரவிவிடும் என்கிறார்களே என்று அக்கா விடாமல் கேட்டாள். அதற்கு அவர் நார்வேயில் ஆஸ்லோவில் நடந்த ஆய்வைச் சொன்னார், அப்புறம் நானும் தேடிப் படித்தேன். எனக்கு வந்த மாதிரியே குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவியவர்கள் 280 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் துளை வழியாகவும் பாதிப் பேருக்குத் திறந்தும் செய்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் சிக்கல் வந்தது துளைப் பக்கம் 19 சதவீதம் பேருக்கு, திறந்த பக்கம் 31 சதவீதம். ஆஸ்பத்திரியில் இருந்தது 53 மணி நேரம், 96 மணி நேரம். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 54 சதவீதம், 55 சதவீதம், அதாவது வித்தியாசமே இல்லை. ஆனால் இதைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் துளைதான் என்று முடிவு கட்டக் கூடாது. அதில் எடுத்ததெல்லாம் கட்டியையும் சுற்றிக் கொஞ்சமும் மட்டும்தான், பாதிக் கல்லீரலை எடுக்கிற பெரிய ஆபரேஷன்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

முதல் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே, "ரத்தம் கட்டுக்குள்ள வரலைன்னா திறந்துடுவேன், முழிச்சதும் பெரிய கட்டு இருந்தா பதறாதீங்க, தோத்துட்டோம்னு அர்த்தம் இல்ல" என்று சொல்லிவிட்டார். திறக்க வேண்டி வரவில்லை. வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி உப்ப வைத்து, ஐந்து துளை. எடுத்த துண்டுகளைப் பைக்குள் போட்டு, அடிவயிற்றில் தனியாக ஒரு சின்ன வெட்டுப் போட்டு வெளியே இழுத்திருக்கிறார்கள். இந்த வெட்டைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, துளை ஆபரேஷன் என்றால் துளை மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அதிகம் வலித்ததும் அந்த இடம்தான்.

இல்லை, பொய் சொல்லக் கூடாது, அதைவிட அதிகம் வலித்தது வலது தோள். வயிற்றில் ஆபரேஷன் செய்துவிட்டுத் தோள் வலித்தால் எப்படி இருக்கும்? முதல் ராத்திரி மாரடைப்போ என்று நினைத்து மணியை அடித்துவிட்டேன். நர்ஸ் வந்து சிரித்தார். உள்ளே ஏற்றிய வாயு உதரவிதானத்தை உறுத்துமாம், அந்த நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் மூளை தோள் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுமாம். எழுந்து நடக்கச் சொன்னார்கள். இரண்டு நாளில் போய்விட்டது. நான்காம் நாள் வீடு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே காயம் சின்னதாக இருப்பதால் உள்ளேயும் சின்னதுதான் என்று நமக்கே தோன்றிவிடும், பார்க்க வருகிறவர்களுக்கும் தோன்றும். பத்தாம் நாள் ஒரு பெட்டியைத் தூக்கப் போய் அடிவயிற்றில் சுரீர் என்றது. உள்ளே கல்லீரலை வெட்டியது வெட்டியதுதான். மதியம் ஆனால் ஆளை அடித்துப் போடுகிற அந்த அசதி ஆறு வாரம் இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கத் தொப்புளைச் சுற்றி நானே போட்டுக்கொண்ட 28 நாள் ஊசியும் இரண்டு தடவையும் ஒன்றுதான்.

பதினாறாம் மாதம் ரத்தத்தில் சிஇஏ ஏறியது, குடல் புற்றுநோய் திரும்பி வருகிறதா என்று கண்காணிக்கப் பார்க்கிற அளவு அது. எம்ஆர்ஐயில் ஒன்றே ஒன்று, எட்டாம் பகுதியில். முதல் தடவை கொஞ்சமாக மட்டும் எடுத்ததால் மறுபடி எடுக்கக் கல்லீரல் மிச்சம் இருந்தது, அதுதான் என் அதிர்ஷ்டம். கல்லீரல் வளர்ந்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், வளரும்தான், ஆனால் கீமோ வாங்கிய கல்லீரல் அவ்வளவு சுலபமாக ஈடுகொடுக்காது.

"அதே மாதிரி துளை போட்டுருங்க சார்" என்றேன். முடியாது என்றார். நான் விடவில்லை, நீங்கள்தானே அன்றைக்கு அத்தனை விளக்கம் சொன்னீர்கள் என்று வாதாடினேன். அவர் பொறுமையாகப் படத்தைத் திருப்பிக் காட்டினார். கட்டி கல்லீரலின் பெரிய சிரையை ஒட்டி உட்கார்ந்திருந்தது. அந்தச் சிரை கிழிந்தால் கேமராவில் சிவப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது, உப்ப வைத்த வாயு அந்தக் கிழிசல் வழியாக ரத்தத்துக்குள் போகிற ஆபத்தும் இருக்கிறது. கல்லீரலுக்குப் போகிற ரத்தத்தைப் பதினைந்து நிமிடம் இறுக்கிப் பிடித்து ஐந்து நிமிடம் விடுவார்கள், 1908இல் பிரிங்கிள் என்ற டாக்டர் எழுதி வைத்த உத்தி, ஆனால் அது உள்ளே வருகிற ரத்தத்தைத்தான் நிறுத்தும், இந்தச் சிரை வெளியே போகிற வழி. கடைசியாகச் சொன்னார்: "இந்த இடத்தையும் துளை வழியா செய்றவங்க இருக்காங்க. நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல. உங்ககிட்ட ஆரம்பிக்க மாட்டேன்."

முதல் டாக்டரும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், "நான் செய்வதில்லை" என்று. அதற்குப் பதிலாகப் புற்றுநோய் பரவிவிடும் என்று சொல்லி அனுப்பினாரே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. வேறொரு டாக்டரைத் தேடிப் போகலாமா என்று அக்கா கேட்டாள். இப்படிச் சொல்கிற மனுஷனை விட்டுவிட்டு எங்கே போவது என்று அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

திறந்து செய்தது பற்றி எழுதினால் பயமுறுத்துகிற மாதிரி ஆகிவிடும், இருந்தாலும் சொல்கிறேன். நெஞ்செலும்புக்குக் கீழே ஆரம்பித்து இறங்கி வலது பக்கம் திரும்புகிற ஒரு வெட்டு. முதுகில் எபிடூரல், அதாவது வலி மருந்து ஏற்றுகிற மெல்லிய குழாய், இருந்த மூன்று நாளும் வலி அவ்வளவு இல்லை. அதை எடுத்த அன்றைக்குத்தான் தெரிந்தது. விலாவை மேலே தூக்கிப் பிடித்திருந்ததால் முதுகும் விலாவும் அடி வாங்கியது போல வலித்தன. ஆழமாக மூச்சு விடாவிட்டால் சளி கட்டும் என்று மூன்று பந்து இருக்கிற பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து உறிஞ்சச் சொன்னார்கள், முதல் நாள் ஒரு பந்துகூட நகரவில்லை. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும், தும்மல் வந்தால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு மேல் வயிற்றுக்குள் சேர்கிற நீரை வெளியே ஒரு பைக்குள் எடுக்கிற டிரெயின் குழாயில் பித்தநீர் கசிய ஆரம்பித்தது, பச்சையும் மஞ்சளுமாக. பன்னிரண்டு நாள் அந்தப் பையோடு திரிந்தேன், பிறகு தானாக நின்றது. இதைத் திறந்த ஆபரேஷன் தலையில் போட முடியாது, கல்லீரலை எப்படி வெட்டினாலும் வெட்டிய முகத்திலிருந்து கசியலாம். ஒன்பதாம் நாள் வீடு, மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்க முடிந்தது. தழும்புக்குக் கீழே ஒரு உள்ளங்கை அளவு இன்னும் மரத்தே இருக்கிறது, சட்டை உரசினாலும் தெரியாது.

வலிக்கும் வீடு திரும்புகிற நாளுக்கும் கேட்டால் துளைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவது தடவை அதையே பிடித்துத் தொங்கியிருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது எனக்குத் தெரியாது.

போன வாரம் பேசியவருக்கு ஏழாம் பகுதியில் கட்டியாம், துளை வழியாகச் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஏழாம் பகுதியில எத்தனை பேருக்கு அப்படிச் செஞ்சிருக்கார், எத்தனை தடவை பாதியில திறக்க வேண்டி வந்துச்சுன்னு கேட்டீங்களா?" என்றேன். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று இழுத்தார். அக்காவிடம் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, கேள்விகள் இருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து நாளைக்கு அவருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.