நியூ ஃபாரஸ்ட்டில் கிண்ண லைக்கன் தேடி

லண்டனிலிருந்து ரயிலில் வந்து பியூலி ரோடு ஸ்டேஷனில் இறங்கினேன். ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. பிளாட்ஃபாரத்தைத் தாண்டியதும் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் வனப்பகுதியின் ஹீத் வெளிதான், அதாவது குட்டைப் புதர்கள் படர்ந்த திறந்த நிலம். பிப்ரவரி மாதம், முந்தின இரவு நல்ல மழை. கிண்ண லைக்கன் (லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர்) பார்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. காய்ந்து கிடந்தால் சாம்பல் நிறத்தில் கண்ணுக்கே படாதவை, ஈரம் பட்டதும் பச்சை பிடித்துவிடும்.

மண் இங்கே மணலும் கரிய மக்கும் கலந்தது. அமிலத்தன்மை அதிகம், சத்து குறைவு. வேகமாக வளரும் செடிகளுக்கு ஆகாது. அதனால் ஹெதர் புதர்களுக்கு நடுவே வெற்றுத் திட்டுகள் மிஞ்சுகின்றன. கிளாடோனியா என்ற பேரினத்தைச் சேர்ந்த இந்தக் கிண்ண லைக்கன்களுக்கு அது போதும். நம் பிரியாணியில் விழும் கல்பாசியும் லைக்கன்தான், ஆனால் அது மரத்திலும் பாறையிலும் படர்வது. இவை தரையில் சிறு செதில்களாகத் தொடங்கி, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் காம்பு விட்டு, உச்சியில் கிண்ணமாக விரிகின்றன.

இனம் காண வெளி வடிவத்தை மட்டும் நம்பக் கூடாது, கிண்ணத்துக்குள் பார்க்க வேண்டும். 10 மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் குப்புறப் படுத்தேன். காம்பும் உட்புறமும் மைதா தூவியதுபோல இருந்து, கிண்ணம் ஒல்லியாக, விளிம்பு சீராக இருந்தால் ஃபிம்பிரியாட்டா. மைதா இல்லை, ரவை என்றால் குளோரோஃபியா. மாவே இல்லாமல் சிறு தட்டுகளும் பொருக்குகளுமாகக் கரடாக இருந்தால் பிக்சிடாட்டா. அப்படி ஒரு பிக்சிடாட்டா கிண்ணத்தில் மழைத்துளி நின்றது. அடியிலிருந்த ஒவ்வொரு பொருக்கையும் துளியே பெரிதாக்கிக் காட்டியது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ!

கிண்ண விளிம்பில் செக்கச்செவேல் என்று மணிகள் இருந்து, காம்பில் மஞ்சள் கலந்த பச்சை தெரிந்தால் காக்சிஃபெரா கூட்டம். மஞ்சளுக்குக் காரணம் அஸ்னிக் அமிலம். அதே சிவப்பு கிண்ணமில்லாத காம்பின் நுனியில் இருந்தால் அநேகமாக ஃப்ளோர்கியானா. கிண்ணத்தின் நடுவிலிருந்து இன்னொரு கிண்ணம், அதன் நடுவிலிருந்து மற்றொன்று என்று அடுக்காக எழுவது வெர்டிசில்லாட்டா.

குளோரோஃபியா என்பதே நெருங்கிய இனங்களின் கூட்டம். வேதிச் சோதனை இல்லாமல் அதற்கு மேல் பிரிக்க முடியாது, 'குளோரோஃபியா கூட்டம்' என்று குறிப்பேட்டில் எழுதி நிறுத்திக்கொள்வதுதான் சரி.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வெயில் காலத்தில் போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள். காய்ந்த கிளாடோனியா ஒரு மிதியில் பொடியாகிவிடும், திரும்ப வளர வருடக்கணக்கில் ஆகும்.